கணவர் வரட்டும் என்றவன் நான்

தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, தென் மாவட்டக் கிளைகளில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெண் என்பதற்காக ஒருவருடைய கடன் மனுவையும் தள்ளியதில்லை என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். பணி நிறைவு விழா மேடையில் அதைச் சொல்லிக் கைதட்டலும் வாங்கினேன். தெரிந்தே சொன்ன பொய் இல்லை. ஆனால் நான் கையெழுத்திட்ட மனுக்களை ஒவ்வொன்றாக நினைவில் எடுத்துப் பார்க்கும்போது அது பொய்தான். பெண்களின் மனுவை நான் தள்ளவில்லை. தொகையைக் குறைத்தேன், நாளைக் கடத்தினேன், கணவரை அழைத்து வரச் சொன்னேன். தள்ளியிருந்தாலாவது அவர்கள் வேறு கதவைத் தட்டியிருப்பார்கள்.

2016-இல் வந்த ஒரு மனுவைச் சொல்கிறேன். முத்ரா கடன் திட்டம் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. 50,000 ரூபாய் வரை சிஷு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என்று அப்போது மூன்று படிகள். மனு கொடுத்த அம்மா வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு நைட்டியும் உள்பாவாடையும் தைத்து, சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போட்டு வந்தார். மூன்று பெண்கள் அவரிடம் பீஸ் ரேட்டுக்குத் தைத்தார்கள். அவர் கேட்டது 6 லட்சம். பவர் மிஷின்களும் ஓவர்லாக் மிஷினும் வாங்க ஒரு பகுதி, ரொக்கத்துக்குத் துணி எடுக்க மீதி. கடனுக்குத் துணி எடுத்தால் மீட்டருக்கு எவ்வளவு கூடுகிறது, ரொக்கமென்றால் எவ்வளவு மிச்சம், எந்தக் கடை எத்தனை நாளில் பணம் தருகிறது என்று எல்லாமே அவர் நோட்டில் இருந்தது. பட்டயக் கணக்கர் எழுதிய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில்கூட அவ்வளவு தெளிவை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த நோட்டைப் புரட்டிவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, “வீட்டுக்காரர் என்னம்மா பண்றாரு?” அடுத்தது, “ரெண்டு பிள்ளைங்கன்னு சொல்றீங்க, வேலை கூடுனா யார் பாத்துப்பா?” மூன்றாவதுதான் இன்றும் என்னைச் சுடுகிறது. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கி செவ்வாயில் முடிவது. “ராத்திரிச் சந்தையாச்சே, துணி எடுக்க யாரை அனுப்புவீங்க?” என்றேன்.

“நான்தான் சார் போறேன். இப்பவும் நான்தான் போயிட்டு இருக்கேன். கூட ரெண்டு பேர் வருவாங்க, பஸ் ஏறிருவோம்” என்றார்.

அந்தப் பதிலை நான் குறிப்பில் எழுதவில்லை. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஒன்றைச் செய்ய முடியுமா என்று கேட்டுவிட்டு, மதிப்பீட்டுக் குறிப்பில் ‘கொள்முதல், விற்பனை அனுபவம் போதாது’ என்று எழுதினேன்.

அதோடு நிற்கவில்லை. கணவரின் ஜாமீன் கையெழுத்து வேண்டும் என்றேன். எந்த விதியும் அதைக் கேட்கவில்லை; என் பழக்கம் கேட்டது. கணவர் லாரி ஓட்டுநர். எப்போதோ வாங்கிய இருசக்கர வாகனக் கடனில் தவணை விட்டிருந்ததால் சிபில் மதிப்பெண் குறைவு. நான் இழுத்து வந்து நிறுத்திய மனிதரின் பழைய பாக்கியை வைத்து, கேட்ட பெண்ணின் தொகையை வெட்டினேன். 50,000 ரூபாய் அனுமதித்தேன். “முதல்ல இதை ஒழுங்கா கட்டுங்கம்மா, அப்புறம் கூட்டிக் கொடுக்கலாம்” என்றேன். கணக்கில் அது நிறைவேற்றப்பட்ட மகளிர் கடன்.

அதே நிதியாண்டில் ஒரு இளைஞருக்கு 15 லட்சம் கொடுத்தேன். அவரும் ரெடிமேட் தொழில்தான் தொடங்கினார். அப்பாவின் கடையில் கொஞ்ச காலம் நின்றது தவிர அனுபவமில்லை. தையல் தெரியாது. அவரிடம் நான் கேட்டவை வேறு. “மாசம் எத்தனை பீஸ் போகும் தம்பி? கேரளா பக்கம் ஆர்டர் பிடிக்கலாமே? அடுத்த வருஷம் லிமிட்டைக் கூட்டிக்கிறீங்களா?” அவருக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. பிள்ளை பிறந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. அவரது ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இருந்த ஓட்டைகளை நானே உட்கார்ந்து அடைத்துக் கொடுத்தேன்.

ஓய்வுக்குப் பிறகு, டானா கான்ஸே என்ற ஆய்வாளரும் அவரது குழுவும் நியூயார்க்கில் நடந்த ஒரு தொழில்முனைவோர் போட்டி மேடையைப் பதிவுகளிலிருந்து ஆராய்ந்ததைப் படித்தேன். முதலீட்டாளர்கள் ஆண்களிடம் கேட்ட கேள்விகளில் 67 சதவீதம் வளர்ச்சியைப் பற்றியவை. பெண்களிடம் கேட்டவற்றில் 66 சதவீதம் நஷ்டத்தைத் தவிர்ப்பது பற்றியவை. வளர்ச்சியைப் பற்றிக் கேட்கப்பட்டவர்கள் பல மடங்கு கூடுதல் பணம் திரட்டினார்கள். கேட்டவர்களில் பெண் முதலீட்டாளர்களும் உண்டு. அவர்களும் அப்படித்தான் கேட்டிருக்கிறார்கள். கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நான் செய்ததும் அதுவே. என் கேள்வியே அவர்கள் எவ்வளவு பெரிதாகப் பேசலாம் என்பதை முடிவுகட்டிவிட்டது.

அந்த இளைஞருக்கு 15 லட்சம் போனதற்குக் காரணம் அடமானம் வைக்க வீடு இருந்தது என்று என்னிடம் ஒரு பதில் நெடுநாள் தயாராக இருந்தது. வீடு எப்படி அவர் கைக்கு வந்தது என்பதில்தான் என் பெரிய குற்றம் இருக்கிறது. அப்பா காலமானபின் வீட்டில் அம்மாவுக்கும் இரண்டு அக்காக்களுக்கும் பங்கு இருந்தது. எங்கள் வங்கி வழக்கறிஞர் சட்டக் கருத்தில் அதை எழுதினார். நான் அந்த இளைஞரைக் கூப்பிட்டு, “அக்காமாரிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு வந்துருங்க, உடனே முடிச்சிரலாம்” என்றேன். இரண்டு பெண்களும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து தங்கள் பங்கை எழுதிக்கொடுத்தார்கள். கைமாறு எதுவும் வாங்கினார்களா என்று நான் கேட்கவில்லை. தம்பி தொழில் தொடங்கும் நல்ல காரியத்துக்கு உதவியதாகத்தான் நினைத்தேன். அக்காக்களையும் கூட்டுக் கடன்தாரர்களாகச் சேர்த்து, அவர்கள் பங்கு அவர்களிடமே இருக்கும்படி அடமானம் எழுதியிருக்க முடியும். அதற்குக் கூடுதலாக இரண்டு கையெழுத்தும் கொஞ்சம் வேலையும் ஆகியிருக்கும். அவ்வளவே.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்தது. திருமணம் ஆகிவிட்டவர்கள் அதில் விடுபட்டார்கள். 2005-இல் நாடு முழுவதற்கும் அந்த உரிமை வந்தது. சட்டம் கொடுத்ததை எத்தனையோ வீடுகளில் பெண்களிடமிருந்து திரும்ப எழுதி வாங்க வைத்தது சொந்தக்காரர்களின் பேராசை மட்டும் இல்லை. வில்லங்கமில்லாத பத்திரம் கேட்ட என்னைப் போன்ற மேலாளர்களும்தான். சகோதரனின் கடனுக்காகப் பெண்ணின் பங்கைக் கரைத்துவிட்டு, நாளை அதே பெண் தொழிலுக்குக் கடன் கேட்டு வந்தால் “உங்க பேர்ல சொத்து என்னம்மா இருக்கு?” என்று கேட்கும் இடத்திலும் நானே உட்கார்ந்திருந்தேன்.

சொத்தே தேவையில்லாத இடத்திலும் கேட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்குப் பிணையம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இலேயே சொல்லிவிட்டது. கடன் வராமல் போனால் ஈடுகட்ட 2000-ஆம் ஆண்டிலிருந்து உத்தரவாத நிதி இருக்கிறது; பெண்களின் கடனுக்கு அதில் கூடுதல் பாதுகாப்பு உண்டு. சுற்றறிக்கை என் மேசை மீதே இருந்தது. வாராக்கடன் ஆனால் விளக்கம் கேட்பார்கள், பதவி உயர்வு தடைபடும் என்ற பயம் எனக்கு இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பயம் ஆண்கள் வந்து உட்கார்ந்தபோது ஏன் அவ்வளவு உறைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெண்கள் கட்டமாட்டார்கள் என்று நினைத்தேனா? அதுவும் இல்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய முயற்சியையும், 1992-இல் நபார்டு கொண்டுவந்த வங்கி இணைப்பையும் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் பேசியிருக்கிறேன். தீபாவளி, பொங்கல் என்று எது வந்தாலும் தவணைத் தேதி தவறாத குழுக்கள் என் கிளைகளில் இருந்தன. ஆனால் குழுவிலிருந்து ஒரு பெண் தனியாக எழுந்து வந்து, “எனக்கு மட்டும், என் கடைக்கு மட்டும்” என்று கேட்டால், “குழுவிலேயே வாங்கிக்கோங்கம்மா” என்று திருப்பி அனுப்பினேன். பத்துப் பேராக வந்தால் நம்பிக்கையானவர், ஒருவராக வந்தால் ஐயத்துக்குரியவர் என்று ஆண்களிடம் நான் நினைத்ததே கிடையாது. மாடு வாங்கவும் பெட்டிக்கடை போடவும் குழுக் கடன் போதும். அதற்கு மேல் வளர நினைத்தவர்களை நான் அந்த அளவிலேயே நிறுத்தி வைத்தேன்.

ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பில், நாட்டில் பெண்களுக்குச் சொந்தமான தொழில் நிலையங்கள் அதிகம் உள்ள மாநிலமாகத் தமிழ்நாடு முதலிடத்தில் வந்தது. கூட்டங்களில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். நாடு முழுவதும் எடுத்துப் பார்த்தால் மொத்த நிலையங்களில் பெண்களுடையவை 14 சதவீதத்துக்கும் குறைவு என்பதையும், அவற்றில் ஐந்தில் நான்குக்கும் மேல் கூலிக்கு ஒரு ஆள்கூட வைக்காதவை என்பதையும் அதே அறிக்கை சொன்னது. அதை நான் மேடையில் சொன்னதில்லை.

இலக்கை நிரப்பிய விதத்தையும் மறைக்க விரும்பவில்லை. ஏப்ரல் 2016-இல் ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் வந்தபோது, ஒவ்வொரு கிளையும் குறைந்தது ஒரு பெண்ணுக்கு 10 லட்சம் முதல் ஒரு கோடி வரை புதுத் தொழிலுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள். வசதியான வியாபாரி ஒருவரிடம் நானே பேசி, புதுக் கிளை நிறுவனத்தை மனைவி பெயரில் போடச் சொன்னேன். அந்த அம்மா கையெழுத்துப் போட மட்டும் வந்தார். எதற்கென்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. தொழில் தோற்றிருந்தால் கடன் அவர் தலையில்தான் விடிந்திருக்கும்.

இப்படிப் பணம் கணவர் தொழிலுக்குப் போவதைப் பார்த்துப் பார்த்து, பெண்களுக்குக் கொடுத்தால் தொழில் வளராது என்று சக அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நானும் தலையாட்டியிருக்கிறேன். இலங்கையின் தென்பகுதியில் சுனாமிக்குப் பின் சிறுதொழில் செய்பவர்களுக்கு 10,000, 20,000 ரூபாய் மானியம் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் முதலில் அப்படித்தான் சொன்னது: ஆண்களின் லாபம் கூடியது, பெண்களுடையது கூடவில்லை. பின்னாளில் வேறு ஆய்வாளர்கள், இந்தியா, கானா தரவுகளையும் சேர்த்து, வீட்டில் வேறு தொழில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தார்கள். கணவருக்கும் தொழில் இருந்த வீடுகளில் பணம் அவருடைய தொழிலுக்குள் போயிருந்தது. அவள் தொழில் ஒன்றே வீட்டின் தொழிலாக இருந்த இடத்தில், ஆணுக்கு நிகராக லாபம் வந்தது. நைட்டி தைத்த அந்த அம்மாவின் வீட்டில் வேறு தொழில் இல்லை. முழுத் தொகையைக் கொடுத்திருக்க வேண்டிய இடம் அது. வியாபாரியின் மனைவிக்குத் திறந்த பெட்டியை அவருக்கு மூடினேன்.

50,000 ரூபாயில் ஒரு பவர் மிஷினும் கொஞ்சம் துணியும் வந்தன. மீதிக்கு வார வட்டி. சில மாதங்கள் கழித்து அந்த இளைஞரின் யூனிட்டை ஆய்வு செய்யப் போனேன். வெட்டிய துணிக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறது என்று கேட்டேன். அந்த அம்மாவின் தெருவைச் சொன்னார்கள். இளைஞருக்கு முதல் இருந்தது, தைக்கத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்குத் தைக்கத் தெரிந்தது, முதல் இல்லை. சொந்தச் சரக்கை நிறுத்திவிட்டு அவர் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நான் அலுவலகம் திரும்பி, இளைஞரின் கோப்பில் ‘திறமையான ஜாப் ஒர்க் ஆட்கள் உள்ளூரிலேயே கிடைக்கின்றனர்’ என்று சாதகக் குறிப்பு எழுதினேன். அந்தத் திறமை யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

கூட்டிக் கொடுக்கலாம் என்று சொன்ன வாக்கையும் காப்பாற்றவில்லை. அதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. கடைசித் தவணை வரை அவர் கட்டி முடித்தார் என்று பின்னால் தெரிந்தது.

ஓய்வுக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போய், நான் செய்தது தவறு, உங்கள் மனுவுக்கு முழுத் தொகையும் கொடுத்திருக்கலாம் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருந்தா வேற பேங்க் பாத்திருப்பேன் சார். நீங்க அப்புறம் தரேன்னு சொன்னீங்க, நான் காத்துட்டு இருந்தேன்” என்றார்.

தொழிலுக்குக் கடன் கேட்டுப் போகும் பெண்கள் இதைப் படித்தால், அவரிடம் நான் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். குறு, சிறு தொழிலுக்கான 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பத்திரம் கேட்டால் ரிசர்வ் வங்கி விதியைச் சொல்லுங்கள். கணவர் வரட்டும் என்றால் எந்த விதிப்படி என்று கேளுங்கள். மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வங்கி கடமைப்பட்டது. தொகையைக் குறைத்தாலும் அதற்கான காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு எழுந்து வராதீர்கள்.