தெரு முனையில் காலியாக விட்ட இடம்



இன்னைக்கு சுகரும் இல்லை, பிபியும் இல்லை. ஒரு தெரு முனையைப் பற்றி எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க. ஆனா கடைசி வரை படிச்சிடுங்க.

சில வருஷங்களுக்கு முன்னாடி நடந்தது. அரசு மருத்துவமனையில் கேஷுவால்ட்டி ட்யூட்டியில் இருந்தேன். சாயங்காலம் ஏழு மணி இருக்கும். பஜார் முனையில் அடிபட்ட ஒரு பையனை ஆட்டோவில் போட்டுக் கொண்டு வந்தாங்க. ஒன்பது வயசு. தலையில் அடி.

அப்பா கடையில் சில்லறை வாங்கிட்டு இருந்திருக்கார். பையன் எதிர்க்கடைக்குப் போகலாம்னு ரோட்டில் இறங்கி இருக்கான். முனையில் ஒரு குட்டியானை வண்டி நின்னுட்டு இருந்திருக்கு. அதன் முன்பக்கமா அவன் வெளியே வரவும், பைக் வரவும் சரியா இருந்திருக்கு.

சிஸ்டர்களும் நானும் நாற்பது நிமிஷம் போராடினோம். முடியலை.

வெளியே வந்து அந்த அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிச்சதும், எனக்கு இருந்த கோபமோ, களைப்போ, இயலாமையோ... ஒரு கேள்வி கேட்டுட்டேன்.

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா சார்?"

அவர் பதில் சொல்லலை. அந்தப் பையனோட ஒரு செருப்பு அவர் கையில் இருந்தது. அதையே பார்த்துட்டு நின்னார்.

நான் ஏஆர் என்ட்ரி போட உள்ளே போயிட்டேன்.

இது இப்படியே இருக்கட்டும். இப்ப உங்களை அமெரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போறேன்.

2024 ஜூன் மாசம் அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம். அம்மாவைத் தனியா அனுப்ப பயம். என்ஓசி வாங்கி, லீவு போட்டு, நானும் கூடப் போனேன். அக்கா குடும்பம் இருப்பது நியூ ஜெர்சியில் ஹோபோக்கன்னு ஒரு ஊர். ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஹோபோக்கன், அந்தப் பக்கம் நியூயார்க்கின் மன்ஹாட்டன். ஆற்றுக்கு அடியில் ஓடும் பாத் ரயிலில் ஏறினா கொஞ்ச நேரத்தில் மன்ஹாட்டனில் இறங்கிடலாம். அதனால நம்ம ஐடி பசங்க, படிக்க வந்த பசங்க நிறைய பேரை இந்தப் பக்கம் பார்க்கலாம்.

ஊர் ரொம்பச் சின்னது. மொத்தமே 3 சதுர கிலோமீட்டர் சொச்சம். அதுக்குள்ள 60,000 பேர். முன்னாடி கப்பல் பட்டறையும் தொழிற்சாலைகளுமா இருந்த ஊர். மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித் தொழிற்சாலை ஆற்றங்கரையில் தான் இருந்தது. 1992-ல் மூடிட்டாங்க. இப்ப அந்தக் கரை முழுக்க அடுக்குமாடிகள், பூங்காக்கள், நடைபாதைகள். ஊரின் கடைத்தெரு வாஷிங்டன் ஸ்ட்ரீட். ரெண்டு பக்கமும் கடைகள், அதுக்கு மேல வீடுகள். சாயங்காலம் ஆனா நம்ம ஊர் ரத வீதி மாதிரி ஜனம்.

கிளம்பும்போது எல்லாரும் ஒரே மாதிரி தான் சொல்லி அனுப்பினாங்க. "ராத்திரி வெளியே சுத்தாதே. அங்கெல்லாம் துப்பாக்கி வச்சிருப்பான்."

பயம் நியாயம் தான். 2022-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் கொலை செய்யப்பட்டவர்கள் 20,000-க்குச் சற்றுக் குறைவு. ஆனா அதே வருஷம் சாலை விபத்தில் இறந்தவர்கள் 42,500-க்கும் மேல். அதில் 7,500 பேருக்கு மேல் சும்மா நடந்து போனவங்க. துப்பாக்கியைப் பற்றி நம்மை எச்சரிச்சவங்க யாரும் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க.

போய் ரெண்டாவது நாள். அக்காவுக்கு நடக்க முடியலை. மருமகளை ஸ்கூலில் விடும் வேலை எனக்கு. அவளுக்கு ஏழு வயசு.

தெரு முனை வந்ததும் அனிச்சையா அவள் கையை இறுக்கிப் பிடிச்சுட்டு நின்னேன். கார் ஒண்ணு வருது. அது போகட்டும்னு காத்திருக்கேன். கார் நின்னுடுச்சு. நான் நகரலை. கார்க்காரரும் நகரலை.

"மாமா, அவங்க நம்மளைப் பார்த்துட்டாங்க. வாங்க போலாம்."

அவள் என்னை இழுத்துட்டுப் போறா. எனக்கு வெட்கமா போச்சு. ஆனா அந்தச் சொல் மண்டைக்குள்ள மாட்டிக்கிச்சு. "பார்த்துட்டாங்க."

எப்படிப் பார்த்தாங்க?

திரும்பி வரும்போது அதே முனையில் நின்னு கவனிச்சேன். தெரு முழுக்க ரெண்டு பக்கமும் இடைவெளி இல்லாம கார் நிக்குது. ஆனா முனை வந்ததும் கார் வரிசை நின்னுடுது. கடைசிக் காருக்கும் ஜீப்ரா கோட்டுக்கும் நடுவில் ஒரு காருக்கான இடம் சும்மா கிடக்கு. அதில் பெயின்ட் அடிச்சு, இடுப்பு உயரத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் கம்பங்கள் நட்டு வச்சிருக்காங்க. அடுத்த முனையில் கம்பங்களுக்குப் பதில் சைக்கிள் ஸ்டாண்ட். இன்னொரு முனையில் நடைபாதையையே ரோட்டுக்குள் நீட்டி, செடி வச்சு, மழைத்தண்ணி இறங்குற மாதிரி பண்ணிருக்காங்க. 2012-ல் சாண்டி புயலில் பாதிக்கு மேல் முங்கின ஊர் அது. ஒரே இடத்தில் ரெண்டு வேலையை முடிச்சுக்கிறாங்க.

அத்தானுக்கு இந்த முனைகள் மேல தீராத கடுப்பு. ராத்திரி வேலை முடிச்சு வந்து பார்க்கிங் தேடி அரை மணி நேரம் சுத்துவார். நான் கேட்டேன்.

"ஏன் அத்தான், இவ்வளவு இடம் சும்மா கிடக்கே, இதில் நிறுத்த விட்டா என்ன?"

"நிறுத்த விட்டா குழந்தை தெரியாது மாப்ளே."

நண்பர்களே, எனக்கு அங்கேயே அந்தக் குட்டியானை ஞாபகம் வந்துடுச்சு.

இதுக்கு அவங்க வச்சிருக்கும் பேர் டேலைட்டிங். முனையை வெளிச்சமாக்குறது. விளக்கு போடுறது இல்லை. மறைப்பை எடுக்குறது.

கணக்கு ரொம்ப எளிது. ஒன்பது வயசுப் பையன் நாலு நாலரை அடி உயரம் இருப்பான். முனையில் ஒரு வேன் நின்னா அவன் முழுசா மறைஞ்சிடுவான். வேனைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கும்போது தான் வண்டி ஓட்டுறவர் கண்ணில் படுவான். 40 கி.மீ. வேகத்தில் வர வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகும். கண் பார்த்து, மூளை புரிஞ்சுக்கிட்டு, கால் பிரேக்கை மிதிக்கவே ஒரு நொடிக்கு மேல ஆகும். ரெண்டு மீட்டர் முன்னாடி பார்த்து என்ன பண்ண முடியும்? ஓட்டுறவர் குடிக்காதவரா இருந்தாலும், நல்லவரா இருந்தாலும், முடியாது.

முனையில் ஏழெட்டு மீட்டரைக் காலியா விடுங்க. ரோட்டில் இறங்குறதுக்கு முன்னாடியே பையன் தெரிவான். பையனுக்கும் வண்டி தெரியும்.

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒண்ணு. நடைபாதைக் கோட்டிலிருந்து 25 அடிக்குள் வண்டி நிறுத்தக் கூடாதுன்னு நியூ ஜெர்சியில் ஏற்கெனவே சட்டம் இருக்கு. சட்டம் இருந்தும் நிறுத்திட்டு தான் இருந்தாங்க. அமெரிக்காக்காரன்னா சட்டத்தைப் பார்த்ததும் ஒதுங்கிப் போவான்னு நினைக்காதீங்க. அங்கேயும் "ரெண்டே நிமிஷம், இதோ எடுத்துடுறேன்" ஆளுங்க தான். கம்பம் நட்ட பிறகு தான் நிறுத்தலை. ஏன்னா நிறுத்த முடியாது.

2015-ல் அந்த ஊரில் ரோட்டைக் கடந்த ஒரு மூதாட்டி வேன் மோதி இறந்து போனாங்க. 89 வயசு. அந்தச் சாவு ஊரை உலுக்கிடுச்சு. "வயசானவங்க, கவனிக்காம வந்திருப்பாங்க"ன்னு சொல்லி மூடிட்டுப் போயிருக்கலாம். போகலை. 2018-ல் மேயரா வந்தவர் ரவி பல்லா, இந்தியாவிலிருந்து குடியேறின சீக்கியக் குடும்பத்துப் பிள்ளை. அடுத்த வருஷமே 'விஷன் ஜீரோ' திட்டத்தை ஊரின் கொள்கையா அறிவிச்சார். 1997-ல் ஸ்வீடன் நாடாளுமன்றம் ஏத்துக்கிட்ட கொள்கை அது. மனுஷன் தப்பு பண்ணத்தான் செய்வான், அந்தத் தப்புக்கு உயிர் விலையா இருக்கக் கூடாது, ரோட்டை அதுக்கேத்த மாதிரி போடணும். அவ்வளவு தான் சாரம்.

பெரிய மேம்பாலம் எதுவும் கட்டலை. எப்படியும் ரோடு புதுசா போடணும் இல்லையா, அப்படிப் போடும்போதே முனைகளையும் சரி பண்ணிட்டே வந்தாங்க. முதலில் பெயின்ட், பிளாஸ்டிக் கம்பம். காசு வந்தப்ப கான்கிரீட். சிக்னலில் கார்களுக்குப் பச்சை விழுறதுக்குச் சில நொடி முன்னாடியே நடக்குறவங்களுக்கு விழுற மாதிரி மாத்தினாங்க. 2022-ல் ஊருக்குள்ள வேகத்தை மணிக்கு 25 மைலிலிருந்து 20 மைலாக் குறைச்சாங்க. நம்ம கணக்கில் 32 கி.மீ.

"அஞ்சு மைலில் என்ன டாக்டர் வந்துடப் போகுது?"ன்னு கேட்பீங்க. ஒரு அமெரிக்க ஆய்வின் கணக்கு இது. 37 கி.மீ. வேகத்தில் மோதினா நடந்து போறவங்களில் பத்தில் ஒருத்தர் இறக்க வாய்ப்பு. 51 கி.மீ.யில் நாலில் ஒருத்தர். 68 கி.மீ.யில் ரெண்டில் ஒருத்தர். கேஷுவால்ட்டியில் நாங்க ஊசி போட்டு, ட்யூப் போட்டு, ரத்தம் ஏத்திப் போராடுறது எல்லாம் இதுக்கு அப்புறம் தான்.

பலன்? 2017 ஜனவரிக்குப் பிறகு, நான் போன அந்த ஜூன் வரைக்கும், ஏழு வருஷத்துக்கு மேல, ஹோபோக்கன் தெருக்களில் விபத்தில் ஒருத்தர் கூட இறக்கலை.

ஒருத்தர் கூட.

விபத்தே நடக்கலைன்னு அர்த்தம் இல்லை. கை கால் உடையுது. டெலிவரி இ-பைக் நடைபாதையில் ஏறி வருதுன்னு அக்கா திட்டுறா. ரெண்டாவது வரிசையில் காரை நிறுத்திட்டுப் போறவங்களும் இருக்காங்க. ஊர் பணக்கார ஊர், சின்ன ஊர், வேகமா ஓட்ட இடமே இல்லாத குறுகல் தெரு. எல்லாம் உண்மை. பெரிய ஊர்களில் இதே அளவு பலன் கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பெயின்ட்டும் கம்பமும் வாங்க அமெரிக்கா அளவுக்குப் பணம் வேணுமா சொல்லுங்க?

அத்தான் கிட்ட கடைசியா கேட்டேன், இப்பவும் கோபமான்னு.

"தினமும் திட்டிக்கிட்டே தான் சுத்துறேன். ஆனா அடுத்த வருஷம் உன் மருமக அவ ஃப்ரெண்ட்ஸ் கூட நடந்தே ஸ்கூலுக்குப் போகப் போறா. திட்டிட்டுப் போறேன், விடு."

ஊர் திரும்பினேன். 2022-ல் நம்ம தமிழ்நாட்டில் மட்டும் சாலை விபத்தில் 17,884 பேர் இறந்திருக்காங்க. அந்த எண்ணிக்கைக்குள் எங்கள் கேஷுவால்ட்டிக்கு வந்து போன முகங்களும் உண்டு. ஒவ்வொரு முறையும் நாம் கேட்குற கேள்வி ஒண்ணு தான். ஹெல்மெட் போட்டானா? குடிச்சிருந்தானா? பார்த்து வந்தானா? கேட்க வேண்டியது தான். ஹெல்மெட் போடுங்க, அதில் சமரசமே இல்லை. ஆனா "அந்த முனையில் என்ன நின்னுச்சு?"ன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஏஆர் புத்தகத்தில் அதுக்குக் கட்டமும் இல்லை.

ட்யூட்டிக்குச் சேர்ந்த முதல் வாரம் அந்த பஜார் முனைக்குப் போனேன். ஒரு வேன் நின்னுட்டு இருந்தது. அதே இடம். பதினைஞ்சு நிமிஷம் நின்னு பார்த்தேன். வேனுக்கு முன்னாடி எட்டி எட்டிப் பார்த்துட்டு தான் எல்லாரும் ரோட்டில் இறங்குறாங்க. ஒரு அம்மா பையனின் கையை நல்லா இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. பிடிச்சிருந்தும், முதலில் ரோட்டுக்கு வந்தது அந்தப் பையனின் தலை தான்.

அந்த அப்பாகிட்ட நான் கேட்ட கேள்வி தப்பு. கை பிடிக்காதது ஒரு நொடி மறதி. அந்த மறதி எனக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. அவர் மறந்த அந்த ஒரு நொடியில் குறுக்கே நின்னது அந்த வண்டி. அவர் இத்தனை வருஷமா என் கேள்வியைச் சுமந்துட்டு இருந்தா? அவர் ஊர் எங்களுக்குப் பக்கம் தான். ரெண்டு முறை பைக்கை எடுத்துட்டுக் கிளம்பி, பாதி வழியில் திரும்பிட்டேன். போகணும்.

அதுவரைக்கும் உங்ககிட்ட ஒரு வேண்டுகோள்.

கடைக்குப் போகும்போது காரையோ பைக்கையோ தெரு முனையில் நிறுத்தாதீங்க. முனையிலிருந்து ரெண்டு கார் நீளம் தள்ளி நிறுத்திட்டு நடங்க. "ரெண்டே நிமிஷம் தான்"னு தோணும். அந்தப் பையன் ரோட்டில் இறங்கி அடிபட ரெண்டு நொடி கூட ஆகலை.

உங்க தெருவில் ஸ்கூல் இருந்தா, வார்டு கவுன்சிலரிடம் போய் முனையில் நாலு கம்பம் கேளுங்க. எங்கள் பஜார் முனைக்கு நான் மனு எழுதிக் கொடுத்திருக்கேன். கம்பம் நட்டதும் படத்தோட வந்து சொல்றேன்.