கண்ணாடிக் குமிழ் தேடிப் போனோம்

நம் ஊர் மின்சாரக் கம்பத்தின் உச்சியில், கம்பியைத் தாங்கிக்கொண்டு கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரு பீங்கான் இருக்குமே, அதற்கு இன்சுலேட்டர் என்று பெயர். அமெரிக்காவில் அந்தக் காலத்துத் தந்தி, டெலிபோன் கம்பங்களில் இதைக் கண்ணாடியில் செய்து வைத்தார்கள். கடல் பச்சை, நீலம், ஊதா என்று எத்தனையோ நிறங்கள்! இன்றைக்கும் அவற்றைத் தேடிச் சேர்த்து வைப்பவர்கள் அங்கே பலர் உண்டு. 'பழைய சாமான் பொறுக்குகிற வேலையா?' என்று சிரிக்கிறீர்களா? நானும் சில மாதம் அந்தக் கூட்டத்தில் சேர்ந்திருந்தேன், சகோதரிகளே!

மகளின் முதல் பிரசவத்துக்காக இண்டியானா மாநிலத்தில் மன்ஸி என்ற ஊருக்குப் போயிருந்தேன். பேத்தி பிறந்தாள். பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல் எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் மூன்றாம் மாதம் மகளின் முகத்தில் களையே இல்லை. கேட்டால், "ஒண்ணுமில்லேம்மா" என்பாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அழுவாள். மாப்பிள்ளை தாமதிக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போனார். பிரசவத்துக்குப் பின் சில பெண்களுக்கு வரும் மனச்சோர்வு இது, குணப்படுத்தலாம் என்று சொல்லி டாக்டர் சிகிச்சையைத் தொடங்கினார். தினமும் கொஞ்சம் வெளியே நடக்கவும் சொன்னார்.

வெறுமனே நடக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வீட்டுப் பாட்டிதான், "என்னோடு குமிழ் தேட வாருங்கள்" என்று கூப்பிட்டாள். அவளுடைய சிநேகிதியின் பண்ணை ஓரமாக ஒரு காலத்தில் ரயில் பாதை போயிற்றாம். அங்கே பழைய கம்பங்கள் புதரில் விழுந்து கிடந்தன.

வழியெல்லாம் பாட்டி பாடம் நடத்தினாள். ஹெமிங்ரே என்ற கம்பெனி 1888-ல் இதே மன்ஸியில்தான் தொழிற்சாலை வைத்ததாம். 1865-ல் கோவே என்பவர் குமிழுக்குள்ளே திருகுமரை வைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் குமிழ் மரமுளையை விட்டுக் கழன்று போகுமாம். மணலில் உள்ள இரும்புதான் கண்ணாடிக்குப் பச்சை நிறம் தருகிறது. அதைப் போக்க மாங்கனீசு கலந்தால், வெயிலில் பல வருஷம் இருந்து ஊதாவாகிவிடும்.

போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். நிற்கிற கம்பத்தில் கை வைக்கவே கூடாது. இடத்துக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். உடைந்த கண்ணாடிக்காகக் கனத்த ஷூவும் கையுறையும் அவசியம். மூன்று மூன்று இலையாக நிற்கும் விஷக்கொடி ஒன்று உண்டு. பட்டால் தோல் கொப்பளித்துவிடும். திரும்பியதும் உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தையை நான் பாதையிலேயே தள்ளுவண்டியில் வைத்துக்கொள்வேன்.

நாலாவது வாரம், மண்ணில் பாதி புதைந்த ஒன்றை மகள் கண்டெடுத்தாள். துடைத்துப் பார்த்தால் 'ஹெமிங்ரே 42' என்ற எழுத்து! ஏராளமாகச் செய்த ரகம்தான், விலை பெரிதில்லை. ஆனால் அவள் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு.

அன்று திரும்பி நடக்கும்போது தானாகவே சொன்னாள்: "அம்மா, குழந்தையைத் தூக்கவே எனக்குப் பயமா இருந்தது. சொன்னா, நீயெல்லாம் ஒரு தாயான்னு நினைப்பியோன்னு..."

"அசடு! நீ பிறந்தப்போ எனக்கும் அப்படித்தான் இருந்ததுடி. அந்தக் காலத்திலே சொல்லி அழக்கூட ஆளில்லை" என்றேன். அவள் என் கையை விடவே இல்லை.

சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாமல் தொடர்ந்தாள். மெல்ல மெல்லப் பழைய பெண்ணாகிவிட்டாள்.

இளம் தாய்மார்களே, மனசில் இருப்பதை அடக்கி வைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: மழையில் கம்பம் நனைந்தாலும், கம்பியில் போகிற செய்தி வழியில் கசிந்துவிடாமல் காப்பதுதான் அந்தக் கண்ணாடிக் குமிழின் வேலை. பெண் மனம் விட்டுச் சொன்னதை நாலு பேரிடம் கசியவிடாமல் காக்கிற ஒருத்தி ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். (இதை என் மகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்!)