யார் செய்தது?

ஆய்வு மாணவிகளின் ஆங்கில வரைவுகளைப் படிப்பது கல்லூரியில் என் வேலையில் பாதி. "ரொம்ப நீளமா இருக்குன்னு சொல்றாங்க மேடம், எதை வெட்டுறது?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். நான் உடனே எதையும் வெட்டச் சொல்வதில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் கைவைத்து, "இதை யார் செய்தது?" என்று கேட்பேன்.

ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைப் பற்றி ஆய்வு செய்த ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "இட் மே பி அப்சர்வ்ட் தட் தேர் இஸ் எ லேக் ஆஃப் ப்ரொவிஷன் ஆஃப் சீட்டிங் ஃபெசிலிட்டீஸ் ஃபார் தி விமன் எம்ப்ளாயீஸ் இன் தி எஸ்டாப்ளிஷ்மென்ட்ஸ் அண்டர் ஸ்டடி." 23 சொற்கள். இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பெண்களுக்கு இருக்கை வசதி இல்லை என்பதுதான் சாரம்.

"கடையில ஸ்டூலே இல்லையாம்மா?"

"இருக்கு மேடம். உட்கார்ந்தா மேனேஜர் திட்டுவாராம். மூணு கடையில அக்காங்க சொன்னாங்க."

ஆக, அந்த வாக்கியம் நீளமானது மட்டுமல்ல, உண்மையும் அல்ல. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றார்கள். 'வசதி இல்லை' என்று படிக்கும் அதிகாரி கடைக்குப் போய் ஸ்டூலை எண்ணிவிட்டுத் திரும்பிவிடுவார். உட்கார்ந்தவளுக்குத் திட்டு தொடரும்.

வினைச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக மாற்றும்போது இதுதான் நடக்கிறது. 'ப்ரொவைட்' என்றால் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். 'ப்ரொவிஷன்' என்றால் வேண்டாம். 'ஹராஸ்' என்றால் தொல்லை கொடுத்தவன் வாக்கியத்துக்குள் வந்தாக வேண்டும். 'ஹராஸ்மென்ட்' மழையைப்போலத் தானாகவே பெய்யும். அந்த அக்கா பேசியபோது செய்தவர் இருந்தார். ஆங்கில ஆய்வு நடைக்குள் வந்ததும் அவர் நழுவிவிட்டார்.

பிள்ளைகள் ஏன் இப்படி எழுதுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாக ஆய்வுக்கு வந்தவர்களுக்குச் சின்ன வாக்கியம் பயம் தருகிறது. இங்கிலீஷ் வராது என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அது வெறும் கற்பனை அல்ல. தெளிவாக எழுதப்பட்ட ஓர் அத்தியாயத்தை 'ஸ்கூல் இங்கிலீஷ்' என்று வாய்மொழித் தேர்வில் ஒருவர் சிரித்து ஒதுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். கனமான சொற்கள் இவர்களுக்குக் கவசம்.

'மே', 'பெர்ஹாப்ஸ்' போன்ற தயக்கச் சொற்களும் அப்படியே. பெண்களின் பேச்சில் இவை மிகுதி என்றும், அதிகாரமின்மையோடு தொடர்புடையவை என்றும் மொழியியலாளர் ராபின் லேகாஃப் 1975-இல் வெளிவந்த 'லாங்குவேஜ் அண்ட் வுமன்ஸ் பிளேஸ்' நூலில் எழுதினார். அதற்காக எல்லாத் தயக்கத்தையும் களைந்துவிடச் சொல்லமாட்டேன். உறுதியாகத் தெரியாததை உறுதியாகச் சொல்லாமலிருப்பது ஆய்வாளரின் நேர்மை. ஆனால் மூன்று கடைகளில் கேட்டது கையில் இருக்கும்போது 'மே' எதற்கு? மூன்று என்றே எழுதலாம்.

அப்படித்தான் எழுதினாள்: "இன் த்ரீ ஷாப்ஸ், மேனேஜர்ஸ் ஸ்கோல்டட் விமன் ஹூ சாட் ஆன் தி ஸ்டூல்ஸ்." 11 சொற்கள். சொல்லை எண்ணி வெட்டவில்லை. செய்தவரை உள்ளே கொண்டுவந்ததும் மற்றவை உதிர்ந்துவிட்டன.

செய்தவரை மறைக்கும் செயப்பாட்டு வினையை ஒரேயடியாக விரட்ட வேண்டியதில்லை. தகவல் தந்த பெண்ணின் வேலை போய்விடக் கூடாது என்றால், 'சொல்லப்பட்டது' என்று எழுதுவதே சரி. யாரைக் காப்பாற்ற யாரை மறைக்கிறோம் என்பது தெரிந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆய்வேட்டில் அக்காக்களின் பெயர் இல்லை, கடைகளின் பெயர் இல்லை. மேனேஜர் திட்டினார் என்பது இருக்கிறது.