மணிக்கு என்ன சாப்பாடு?

(இறுதியாண்டு, இயந்திரவியல் துறை)

'நாய் நன்றியுள்ள பிராணி' என்று மூன்றாம் வகுப்பிலிருந்து கட்டுரை எழுதி மார்க் வாங்கியவர்கள்தான் நாம் எல்லோரும். ஆனால் அந்த நன்றியுள்ள பிராணிக்கு எதைப் போடுவது, எவ்வளவு போடுவது என்று எந்தக் கட்டுரையிலும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. மிச்சம் மீதி போட்டால் போதும் என்பதுதான் ஊர் வழக்கம்.

எங்கள் வீட்டு மணி மூன்று வயது நாட்டு நாய். அவன் சாப்பாட்டு விஷயத்தில் வீட்டில் மூன்று கட்சிகள்! "டி.வி.யில காட்டுற பாக்கெட்டை வாங்குண்ணே" என்பாள் தங்கை. "காலங்காலமா நாய் சோறு தின்னுதான் வளந்துச்சு. அந்தப் பத்து கிலோ மூட்டை என்னோட நாலு நாள் கூலிடா" என்பார் அப்பா. அம்மா ஒன்றும் பேசமாட்டார். தன் தட்டுச் சோற்றில் பாதியைக் குழம்போடு பிசைந்து மணிக்கு வைத்துவிடுவார்.

யார் சொல்வது சரி? கால்நடை மருந்தக டாக்டரிடம் போய்க் கேட்டேன். "தம்பி, டிப்ளமோ படிக்கிறீங்கல்ல, நீங்களே கணக்குப் போடுங்க" என்று ஒரு சூத்திரத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

முதலில் எடை. மணியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன்: 68 கிலோ. இறக்கிவிட்டு ஏறினேன்: 52. ஆக மணி 16 கிலோ. 16-க்கு வர்க்கமூலம் 4. அதற்கும் வர்க்கமூலம் 2. அந்த 2-ன் கனம் 8. அதை 70-ஆல் பெருக்கினால் 560. சும்மா படுத்துக் கிடக்கவே நாளொன்றுக்கு இத்தனை கிலோ கலோரி வேண்டும். கருத்தடை செய்த, வளர்ந்த நாய்க்கு இதில் 1.6 மடங்கு, ஏறக்குறைய 900. அதில் குறைந்தது 40 கிராம் புரதம் இருக்க வேண்டும்.

இப்போது அப்பா கட்சியைப் பார்ப்போம். நாய்க்குச் சோறு ஆகாது என்று சிலர் சொல்வது தவறு. ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் அதிகம் என்று 2013-ல் சுவீடன் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மனிதனோடு வாழ்ந்து சோற்றுக்குப் பழகிய வயிறு அது! ஆனால் 900 கலோரியையும் சோற்றிலேயே கொடுத்தால் 700 கிராம் சோறு போட வேண்டும். அதில் புரதம் 19 கிராம்தான். பாதிகூடத் தேறவில்லை. வயிறு நிறையும், உடம்பு தேறாது.

தங்கை கட்சிக்கு வருவோம். பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்க எழுத்தைப் படியுங்கள் என்றார் டாக்டர். ஈரப்பதத்தைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். உதாரணமாக, ஒரு டின்னில் புரதம் 8 சதவீதம், ஈரம் 80 சதவீதம் என்றால், மீதி 20-ல் 8. அதாவது 40 சதவீதம். உலர்ந்த தீனியில் புரதம் 24, ஈரம் 10 என்றால் 90-ல் 24. சுமார் 27 சதவீதம்தான். பார்வைக்குக் குறைவாகத் தெரிவது உண்மையில் அதிகம்! அமெரிக்க 'ஆஃப்கோ' அமைப்பின் அளவுப்படி, ஈரம் கழித்துப் பெரிய நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம், குட்டிக்கு 22.5 சதவீதம் வேண்டும். முழு உணவா, வெறும் நொறுக்குத் தீனியா என்பதையும் பார்க்க வேண்டும்.

அம்மாவின் குழம்புச் சோறுதான் எனக்குக் கவலை தந்தது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிப்பவை. பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷமே. வெந்த கோழி எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். நாம் பாசத்தோடு கொடுப்பதில் எத்தனை ஆபத்து, பாருங்கள்!

தினம் 2 முட்டை போடலாமா என்று வீட்டில் கேட்டேன். "நீயே வாரத்துக்கு ரெண்டு முட்டைதானடா திங்கிறே, நாய்க்குத் தினம் ரெண்டா?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதானே! மறுபடியும் கணக்குப் போட்டோம். குழம்பு ஊற்றாத சோறு 500 கிராம், முட்டை 1, கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் துண்டுகளை வேகவைத்து எலும்பு நீக்கியது 50 கிராம், மீல் மேக்கர் 20 கிராம். புரதம் 42 கிராம் வந்துவிட்டது! கறியிலும் சோற்றிலும் சுண்ணாம்புச் சத்து போதாது என்பதால், முட்டை ஓட்டுப் பொடியை டாக்டர் சொன்ன அளவில் சேர்க்கிறோம். குட்டி நாய் வளர்ப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டாம். குட்டிக்குத் தேவை வேறு, டாக்டரைக் கேளுங்கள்.

கணக்கு போட்ட தாளில் இடம் மீதி இருந்தது. அம்மாவுக்கும் போட்டுப் பார்த்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020-ல் வெளியிட்ட அளவு, எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். அம்மா 50 கிலோ. ஆக 41.5 கிராம். மணிக்கும் அம்மாவுக்கும் ஏறக்குறைய ஒரே தேவை! "எனக்கு எதுக்குடா கணக்கு?" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அந்த வாரச் சந்தையிலிருந்து ஒரு அட்டை முட்டை சேர்த்து வாங்கி வந்தார்.

இப்போதெல்லாம் குழம்பு கொதிக்கும் முன்பே மணிக்கான சோறு தனியாக எடுத்து வைக்கப்படுகிறது. அம்மாவின் தட்டில் யாரும் பங்கு கேட்பதில்லை. நண்பர்களே! பாக்கெட்டோ சோறோ, அது அவரவர் வசதி. ஆனால் நம்மை நம்பி வாசலில் கிடக்கும் ஜீவனுக்கு மிச்சத்தைப் போடாமல், அளந்து முதலில் எடுத்து வையுங்கள். அதற்குப் பணத்தைவிடக் கொஞ்சம் கணக்குத்தான் வேண்டும்.