துளை முதலில், வடிவம் பிறகு

குழல் என்றதும் நமக்கு மூங்கில்தான் நினைவுக்கு வரும். அதன் உள்வெளியை இயற்கையே தந்துவிடுகிறது. ஐரோப்பிய மரக்குழலுக்கோ அதை மனிதனே துளைத்தெடுக்க வேண்டும். பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், வீட்டுக் கொட்டிலில் சிறியதொரு கடைசல் இயந்திரத்தை வைத்து நான் பழகிவரும் வேலை இதுவே.

சாதாரணத் துளைக்கம்பி நீண்ட துளையில் மரத்தின் இழை வழியே விலகிச் செல்லும். ஆகவே கம்பியை அசையாது நிறுத்தி, மரத்தைச் சுழற்றுகிறோம், விலகல் குறையும். அரைவட்ட வெட்டுமுனை கொண்ட கம்பி இன்னும் நேராகச் செல்லும். அடிக்கடி வெளியே இழுத்துத் தூளை அகற்றாவிட்டால் சூடேறி மரம் வெடித்துவிடும்.

அப்படியும் மறுமுனையில் மையம் தவறினால்? துளையின் இரு வாய்களையும் மையமாகக் கொண்டு வெளிப்புறத்தைக் கடைய வேண்டியதுதான். அதனால்தான் துளை முதலில், வடிவம் பிறகு.

பெரிதும் விரும்பப்படும் ஆபிரிக்கக் கருமரம் நம் ஈட்டி மரத்தின் உறவு. மிக மெதுவாக வளர்வது. 2017இல் அவ்வினம் முழுவதன் சர்வதேச வணிகமும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்களித்தனர். ஒரு கட்டை பிளந்தால் அதற்கு ஈடாக இன்னொன்று வளர என் ஆயுள் போதாது.

முதற்துளை இட்ட கட்டைகளை மாதக்கணக்கில் ஆறவிடுகிறேன். உள்ளிறுக்கம் தளர்ந்து அவை சற்றே வளையும். அதன் பின்னரே இறுதி அளவு. நள்ளிரவுக்குள் பக்கங்களை முடித்தே பழகியவனுக்கு இக்காத்திருப்பு எளிதன்று. வயதோ எழுபதைக் கடந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு கட்டையிலும் திகதியையும் துளையின் அளவையும் பென்சிலால் எழுதி வைக்கிறேன். நான் இல்லாவிடினும் எவரேனும் தொடரலாம்.