மீன் செத்தா திருஷ்டி கழிஞ்சுதுன்னு அர்த்தமா?

வீட்ல மீன் தொட்டி வச்சிருக்கவங்க, வைக்கலாம்னு இருக்கவங்க எல்லாரும் இந்த இழையை ஒரு தடவை படிச்சிடுங்க. கொஞ்சம் நீளம்தான்.

தொட்டியில மீன் செத்து மிதந்தா வீட்ல ஒருத்தராவது சொல்வாங்க: "நமக்கு வர வேண்டியதை அது வாங்கிக்கிச்சு." உடனே புது மீன் வாங்கி விடுவோம். அதுவும் பத்து நாள்ல போயிடும். மறுபடியும் திருஷ்டி. ஒரு டாக்டரா எனக்கு இதுல ஒரே ஒரு பிரச்சினைதான். காரணம் தெரிஞ்சிடுச்சுன்னு நினைச்சிட்டா, அதுக்கப்புறம் யாரும் காரணத்தைத் தேட மாட்டாங்க.

நான் வளர்க்கறது காங்கோ டெட்ரா. ஆப்பிரிக்காவுல காங்கோ ஆத்துப் படுகையைச் சேர்ந்த மீன். அதே ஆத்துல கோலியாத் டைகர்ஃபிஷ்னு ஒண்ணு இருக்கு, வாயைத் திறந்தா கத்தி கத்தியா பல்லு. ரெண்டும் ஒரே குடும்பம்னு சொன்னா நம்ப மாட்டீங்க. அது வேட்டைக்காரன், இது பரம சாது. ஆண் மீன் 8 செ.மீ. வரைக்கும் வளரும். உடம்புல நீலமும் பொன்னிறமும் மாறி மாறி மின்னும், வால் நடுவுல இறகு மாதிரி நீண்டு தொங்கும்.

ஆனா கடையில குட்டியா இருக்கறப்போ இதுல எதுவுமே தெரியாது. வெள்ளையா, கெண்டைக்குஞ்சு மாதிரி இருக்கும். அதனாலேயே பல பேர் திரும்பிக்கூடப் பார்க்காம போயிடுவாங்க. பொறுமையா மாசக்கணக்கில வளர்த்தாதான் அழகு வெளிய வரும்.

கூட்டமா வாழற மீன், அதனால குறைஞ்சது ஆறாவது வேணும். நீந்த இடம் வேணும், 4 அடி தொட்டி, சுமார் 200 லிட்டர். வெப்பநிலை 24லிருந்து 27 டிகிரி. மூடி கட்டாயம், பயந்தா துள்ளி வெளிய விழுந்துடும். இருட்டுல திடீர்னு லைட் போடாதீங்க, கண்ணாடியில போய் மோதும். டைகர் பார்ப் கூட மட்டும் விடாதீங்க, அந்த அழகான வாலைக் கடிச்சுக் குதறிடும். அதே காங்கோ படுகையிலேருந்து வர்ற, தலைகீழா நீந்தற கெளுத்தி இருக்கே, அது நல்ல துணை.

இதெல்லாம் கடைக்காரரே சொல்லிடுவார். அவர் பெரும்பாலும் சொல்லாத விஷயத்துக்கு வர்றேன்.

மீன் தன் கழிவை அம்மோனியாவா செவுள் வழியா வெளியேத்தும். ஆத்துல அது அடிச்சிட்டுப் போயிடும். தொட்டியில எங்க போகும்? அங்கேயேதான் சேரும். பழகின தொட்டியில ஃபில்டர் ஸ்பாஞ்சுல குடியிருக்கற பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட்டால அவ்வளவு ஆபத்தில்ல, வாரா வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினா போதும். தொட்டிக்கு கல்லீரலும் சிறுநீரகமும் அந்த அழுக்கு ஸ்பாஞ்சுதான். புதுத் தொட்டியில அது இன்னும் உருவாகியிருக்காது. உருவாக 4லிருந்து 6 வாரம் ஆகும். நாம தொட்டி வாங்கின அன்னைக்கே மீனையும் கவர்ல கட்டி வாங்கிட்டு வர்றோம்!

போன வருஷம் எங்க அபார்ட்மென்ட்ல மூணாவது மாடி அக்கா ராத்திரி 10 மணிக்கு கூப்பிட்டாங்க. "டாக்டர் தம்பி, மீனெல்லாம் மேல வந்து மூச்சு வாங்குது. ரெண்டு ஏர் பம்ப் போட்டும் கேட்கல." தொட்டி போட்டு 12 நாள். எட்டு காங்கோ டெட்ராவுல ரெண்டு ஏற்கனவே போயிடுச்சு. அவங்க மாமியார் எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டு முடிச்சிருந்தாங்க.

செத்த மீனோட செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மீன் வாங்கறப்போ நம்ம அம்மா பார்ப்பாங்களே, அதே மாதிரி. சிவப்பா இருக்க வேண்டிய செவுள் காப்பிக்கொட்டை நிறத்துல இருந்துச்சு.

இந்த நிறம் எனக்கு ஆஸ்பத்திரியில பழக்கம். டாப்சோன் மாத்திரை சாப்பிடற சிலருக்கு இப்படி ஆகும். உதடு நீலமாயிடும், ஆக்சிஜன் மாஸ்க் வச்சாலும் தேறாது, ரத்தம் எடுத்தா சாக்லேட் நிறம். நுரையீரல் நல்லாத்தான் இருக்கும். ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினா மாறி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாம போயிருக்கும். நைட்ரைட் மீனுக்குச் செய்யறதும் இதேதான். அக்கா தண்ணியில காத்து பத்தலைன்னு நினைச்சாங்க. காத்து நிறைய இருந்துச்சு, அதை எடுத்துட்டுப் போக வண்டிதான் இல்ல.

என் டெஸ்ட் கிட்டை எடுத்துட்டு வந்து பார்த்தா நைட்ரைட் அட்டையில கடைசி நிறம். பாதித் தண்ணியை மாத்தினோம், குளோரின் போக்கற மருந்து கலந்து. அப்புறம் 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்குல கல்லுப்பு. உப்புல இருக்கற குளோரைடு, செவுள் வழியா நைட்ரைட் உள்ள நுழையறதைத் தடுக்கும். தினமும் இதே மாதிரி தண்ணி மாத்தி, போன உப்பை மட்டும் திரும்பச் சேர்த்து, தீனியை ரெண்டு நாள் நிறுத்தி வச்சோம். ஆறும் பிழைச்சுது.

இன்னொரு வேடிக்கை. நாங்க இந்த நோய்க்கு நரம்புல ஏத்தற மருந்து மெத்திலின் ப்ளூ. மீன் கடையில பூஞ்சைக்குன்னு குட்டி பாட்டில்ல விக்கறதும் அதே மெத்திலின் ப்ளூதான். ஆனா அதை மெயின் தொட்டியில ஊத்தாதீங்க, ஃபில்டர் பாக்டீரியாவைக் கெடுக்கும். தனி டப்பாவுல வச்சுத்தான் குடுக்கணும்.

பழைய தொட்டிக்காரங்க தப்பிச்சோம்னு நினைக்காதீங்க. மாசத்துக்கு ஒருதரம் தொட்டியைக் காலி பண்ணி, கல்லையும் ஸ்பாஞ்சையும் பைப் தண்ணியில பளிச்சுன்னு கழுவற பழக்கம் இருக்கே, அதுக்கும் கல்லீரலைக் கழட்டிக் கழுவறதுக்கும் வித்தியாசம் இல்ல. மூணாம் நாள் தொட்டி பளபளன்னு இருக்கும், மீன் இருக்காது. ஸ்பாஞ்சை, தொட்டியிலேருந்து எடுத்த தண்ணியிலேயே லேசா பிழிஞ்சா போதும். மீன் சோர்வா இருக்குன்னு டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைப் பிரிச்சுக் கொட்டறதும் இதே வேலையைத்தான் செய்யும். முதல்ல தண்ணியைப் பாருங்க, மருந்தெல்லாம் அப்புறம்.

சென்னையில போர் தண்ணி ஊத்தறவங்களுக்கு ஒண்ணு. பிஎச் 7லிருந்து 8 ஆனா, அம்மோனியாவோட விஷமான பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு ஏறும். தண்ணி சூடானாலும் ஏறும். அதனால ஒரே மாதிரி தொட்டி வேற ஊர்ல நல்லா இருந்துச்சேன்னு ஒப்பிடாதீங்க.

புதுசா ஆரம்பிக்கறவங்க ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. நண்பர் வீட்டு நல்ல தொட்டியிலேருந்து ஸ்பாஞ்சுல ஒரு துண்டு கிடைச்சா இன்னும் சீக்கிரம் ஆகும். அம்மோனியா 0, நைட்ரைட் 0 காட்டினதும் மீன் வாங்குங்க. அப்பவும் மொத்தமா விடாதீங்க, மூணு மூணா.

கையில வெட்டுக்காயம் இருந்தா தொட்டிக்குள்ள கை விடாதீங்க. டிபி கிருமியோட ஒண்ணுவிட்ட உறவு ஒண்ணு தண்ணியில இருக்கு. சில வாரம் கழிச்சு விரல்ல கட்டியா வரும், சாதாரண மருந்துக்கு அடங்காது. அப்படி வந்தா டாக்டர்கிட்ட "வீட்ல மீன் தொட்டி இருக்கு"ன்னு நீங்களே சொல்லணும், எங்களுக்குக் கேட்கத் தோணாது.

மூணாவது மாடியில ஒரு ஆணுக்கு இப்போ வால் நீள ஆரம்பிச்சிருக்கு. மாமியார் இன்னமும் எலுமிச்சம்பழத்தாலதான் பிழைச்சுதுன்னு சொல்றாங்க. டெஸ்ட் கிட் வாங்கிட்டாங்க, அதனால நான் வாயைத் திறக்கல.

தொட்டி போட்டு ஒன்றரை மாசம் ஆகாதவங்க இன்னைக்கே நைட்ரைட் பாருங்க. 0.5 பிபிஎம் தாண்டினா பாதித் தண்ணியை இப்பவே மாத்திட்டு, நம்பரைக் கீழ எழுதுங்க. ராத்திரி ஓபி முடிஞ்சதும் பார்க்கறேன்.