தேராக் கரையில் முதல் மாதம்

துபாய் நகரினூடே நீண்டு கிடக்கும் உப்பங்கழியின் ஒரு கரை தேரா, மறுகரை பர்துபாய். அப்ரா என்னும் மரப்படகு ஒரு திர்ஹத்துக்கு அக்கரை சேர்த்துவிடும். புதிதாக வேலையேற்க வந்த நம் பிள்ளைகளை அப்படகில் எளிதில் இனங்காணலாம். ஊரில் எடுத்த சட்டையின் மடிப்பு இன்னும் கலைந்திராது.

தாம் எதில் கையொப்பமிட்டோம் என்பதைத்தான் அவர்களுட் பலர் அறியார். சம்பளமும் விடுமுறையும் குறித்த வேலைக் கடிதத்தை, புறப்படுமுன்னரே தொழிலாளிக்குப் புரியும் மொழியில் காட்டவேண்டுமென்பது 2016 முதல் அமீரகத் தனியார் நிறுவனங்களுக்கு விதி. அம்மொழிகளுள் தமிழும் ஒன்று! கேட்டுப் பெறத்தான் நம்மவர்க்குக் கூச்சம். வந்திறங்கியபின் அதனிற் குறைந்த ஒப்பந்தத்தை நீட்டுவது விதிக்குப் புறம்பானது.

2022இல் நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டப்படி சோதனைக் காலம் 6 மாதத்தைத் தாண்டலாகாது. இடையில் நிறுத்துவதாயினும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஆள்சேர்த்த செலவைச் சம்பளத்திற் பிடிக்கவோ, கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டிவைக்கவோ முதலாளிக்கு உரிமையில்லை.

பிள்ளையை வழியனுப்பும் வாப்பாமார் அக்கடிதத்தின் நகலொன்றை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளட்டும். பணம் எப்போது வருமெனத் தொலைபேசியில் கேட்குமுன், அதிலுள்ள தொகையை உம்மாவும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.